சுருட்டும் கையெழுத்தும்



“சுருட்டைச் சிகரெட்டுக் கணக்கில் சேர்ப்பது நியாயமா, சாமி? நான் புகையை உள்ளுக்கு இழுப்பதுகூட இல்லையே!”

அரியலூர்ப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில், ஞாயிறு பூசை முடிந்து வெளியே வந்தபின், ஓர் அன்பர் தொடுத்த வினா இது. வயது நாற்பத்தாறு. மூன்று ஏக்கர் மானாவாரி நிலம், மக்காச்சோளமும் பருத்தியும். மூத்த மகள் கல்லூரியில் படிக்கிறாள். ஆயுள் காப்பீடு ஒன்று எடுத்து வைக்கலாமென முகவரை வீட்டுக்கு அழைத்திருக்கிறார். முகவர் படிவத்தை நிரப்பிக்கொண்டே வந்து, புகையிலைப் பழக்கம் பற்றிய கேள்வியில் நின்றாராம். அன்பர் தயங்கியதைக் கண்டு, “விடுங்கண்ணே, சுருட்டுதானே! இல்லைன்னே போட்டுடறேன்” என்று அவரே எழுதியும் விட்டாராம். கையெழுத்து மட்டும் பாக்கி. இடலாமா, கூடாதா?

இடக்கூடாது என்பதே என் விடை. ஆனால் “பொய் சொல்லாதே” என்று மட்டும் கூறி அனுப்பிவிட்டால் அவர் தலையாட்டிவிட்டுப் போய்க் கையெழுத்து இட்டுவிடுவார் என்பது எனக்குத் தெரியும். அதனால் சற்று விரிவாகவே பேச வேண்டியதாயிற்று. அவருக்குச் சொன்னதை இங்கே எல்லாருக்குமாகச் சொல்லுகிறேன்.

முதலில் சுருட்டின் பெருமையை ஒப்புக்கொண்டு விடுவோம். நம் பக்கத்து மக்களுக்கு அது அயல் பொருளன்று. திருச்சிராப்பள்ளி உறையூரில் சுற்றிய சுருட்டு ஒரு காலத்தில் கப்பலேறி இலண்டன் வரை சென்றது. ஆங்கிலேயர் அதற்கு இட்ட பெயரே நம்முடைய ‘சுருட்டு’ என்னும் சொல்லைத் திரித்து உச்சரித்ததுதான். 1887-இல் வெளிவந்த ஷெர்லக் ஹோம்ஸ் துப்பறியும் கதையில், தரையில் கிடந்த சாம்பலைக் கொண்டே கொலையாளி பிடித்தது திருச்சினாப்பள்ளிச் சுருட்டு என்று துப்பறிவோர் கண்டுகொள்ளுகிறார். சர்ச்சிலும் உறையூர்ச் சுருட்டை விரும்பினார் என்று திருச்சிக்காரர்கள் பெருமையாகச் சொல்லிக்கொள்வார்கள். சிகரெட்டை நாகரிக இளைஞரின் கெட்ட பழக்கம் என்றும், சுருட்டைப் பெரியவர்களின் ஓய்வு என்றும் பிரித்துப் பார்க்கும் மனப்பான்மை நம் ஊர்களில் இப்படித்தான் வேரூன்றியது. களத்துமேட்டில் அமர்ந்து சுருட்டைப் பற்றவைக்கும் பாட்டனாரை யாரும் ‘புகைபிடிப்பவர்’ என்று அழைத்ததில்லை.

உடலுக்கு அந்தப் பிரிவு தெரியாது. உள்ளுக்கு இழுப்பதில்லை என்கிறார்களே, அது பெரும்பாலும் உண்மைதான். ஆயினும் சிகரெட்டின் புகை சற்றே அமிலத்தன்மை உள்ளது. சுருட்டின் புகையோ காரத்தன்மை உள்ளது. எனவே அதிலுள்ள நிக்கோட்டின், நுரையீரல்வரை போகாமலே வாயின் உட்தோல் வழியாகக் குருதியில் கலந்துவிடுகிறது. அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனம் 1998-இல் சுருட்டைப் பற்றி மட்டுமே தனியாக ஓர் ஆய்வு நூல் வெளியிட்டது. நுரையீரல் புற்றுநோய் சிகரெட்டுக்காரரைவிடச் சுருட்டுக்காரருக்குக் குறைவு என்பதை அந்நூல் மறைக்கவில்லை. ஆனால் நாள்தோறும் சுருட்டுப் பிடிப்போருக்கு வாய், தொண்டை, குரல்வளை, உணவுக்குழாய் ஆகிய இடங்களில் புற்றுநோய் வரும் ஆபத்து பெரிதும் மிகுகிறது என்பதையும் அது எடுத்துக்காட்டியது. பெரிய சுருட்டு ஒன்றில் ஒரு பாக்கெட் சிகரெட்டு அளவு புகையிலை இருக்கக்கூடுமாம்.

அமெரிக்க நாட்டின் தளபதியாகவும் பின்னர்க் குடியரசுத் தலைவராகவும் இருந்த கிராண்ட் என்பவர் சுருட்டுப் பிரியர். 1884-இல் அவர் பணம் போட்டிருந்த வணிக நிறுவனம் முறிந்து சொத்தனைத்தும் போயிற்று. அதே ஆண்டில் தொண்டைப் புற்றுநோயும் வெளிப்பட்டது. மனைவிக்கு ஏதேனும் விட்டுச் செல்ல வேண்டுமே என்று, தம் வாழ்க்கை வரலாற்றை எழுதத் தொடங்கி, விழுங்கவும் பேசவும் இயலாத நிலையிலும் தொடர்ந்தார். முடித்த சில நாட்களில், 1885 ஜூலை 23 அன்று, உயிர் துறந்தார். அந்நூல் விற்று வந்த தொகை மனைவியைக் காப்பாற்றியது. நம் வீட்டு ஆண்களால் நூல் எழுதிக் குடும்பத்தைக் காக்க முடியாது. அவர்களுக்கு இருப்பது அந்தப் படிவம் ஒன்றே.

இனிப் படிவத்துக்கு வருவோம். ஆயுள் காப்பீட்டுக் கழகத்தின் முன்மொழிவுப் படிவத்தில் மது, போதைப்பொருள் இவற்றோடு, ‘எந்த வடிவிலேனும் புகையிலை’ பயன்படுத்துகிறீர்களா, எப்போதேனும் பயன்படுத்தியது உண்டா என்றே கேட்கப்படுகிறது. சிகரெட்டு என்ற சொல்லோடு நிற்கவில்லை என்பதைக் கவனியுங்கள். சுருட்டு, பீடி, வெற்றிலையோடு மெல்லும் புகையிலை, மூக்குப்பொடி யாவும் அதில் அடங்கும். தாய்மாரும் இதைக் காதில் வாங்கிக்கொள்ளட்டும். கடையில் பொட்டலம் வாங்கி வாயில் அடக்கிக்கொள்ளும் வழக்கம் ஆண்களுக்கு மட்டும் உரியதன்று.

ஏன் கேட்கிறார்கள்? கட்டணத்தைத் தீர்மானிப்பதற்காக. சேமிப்பும் காப்பும் கலந்த பழைய வகைப் பாலிசிகளில் புகைப்போருக்கும் புகையாதோருக்கும் பெரும்பாலும் தனித்தனி அட்டவணை கிடையாது. தேவைப்பட்டால் மருத்துவப் பரிசோதனை கேட்பார்கள், கட்டணத்தைச் சற்று உயர்த்துவார்கள். இறந்தால் மட்டும் தொகை தரும் ‘டெர்ம்’ பாலிசியில்தான் வேறுபாடு வெளிப்படையானது. ஆயுள் காப்பீட்டுக் கழகம் 2019-இல் கொண்டுவந்த ஜீவன் அமர் திட்டத்தில் புகையாதோருக்கு ஒரு விகிதம், புகைப்போருக்கு அதைவிடக் கூடிய ஒரு விகிதம் என இரண்டு வைத்தது. புகையாதோர் விகிதம் வேண்டுமானால் சிறுநீரில் ‘கோட்டினின்’ பரிசோதனை செய்து தேற வேண்டியிருந்தது. இல்லாவிடில் புகைப்போர் விகிதமே. நிக்கோட்டின் உடம்பில் மாறி உண்டாகும் பொருளே கோட்டினின். அது பல நாட்கள் தங்கும். சுருட்டா, பீடியா, மென்ற புகையிலையா என்று அது பார்ப்பதில்லை. “பரிசோதனைக்கு முந்தின நாள் மட்டும் பிடிக்காமல் இருந்தால் போதும்” என்று சந்தையில் பேசிக்கொள்ளும் அறிவுரையை நம்ப வேண்டாம்.

பரிசோதனை கேட்காத பாலிசியும் உண்டே என்பீர்கள். உண்டு. அங்கே நம் சொல்லையே நம்பிக் காப்பு வழங்குகிறார்கள். 1766-இல் இலண்டனில் மான்ஸ்ஃபீல்டு பிரபு ஒரு வழக்கில் இதை விளக்கினார். சுமத்திரா தீவிலிருந்த ஒரு கோட்டையைப் பற்றிய காப்பீட்டு வழக்கு அது. ஒருவர் அறிந்ததை மற்றவர் அறிய வழியில்லாத ஒப்பந்தம் இது. ஆகவே இரு பக்கமும் முழு நன்னம்பிக்கை வேண்டும் என்பது அவர் தீர்ப்பின் சாரம். இரு பக்கமும் என்பதை அடிக்கோடிட வேண்டும். அந்த வழக்கில் வென்றவர் காப்பீடு எடுத்தவரே. நிறுவனங்கள் பொடி எழுத்தில் நிபந்தனைகளை அடுக்கிவிட்டு, நம்மிடம் மட்டும் நேர்மையை எதிர்பார்க்கின்றன என்ற குறை நியாயமானதே. அந்தக் குறை நம் பொய்யை மெய்யாக்காது என்பது வேறு செய்தி.

இனிச் சட்டம் என்ன சொல்கிறது என்று பார்ப்போம். இந்தப் பகுதியைக் கணவனும் மனைவியும் சேர்ந்து படிக்குமாறு வேண்டுகிறேன்.

1938-ஆம் ஆண்டுக் காப்பீட்டுச் சட்டத்தின் 45-ஆம் பிரிவு 2015-இல் திருத்தப்பட்டது. அதன்படி, ஆயுள் காப்பீட்டுப் பாலிசி தொடங்கி 3 ஆண்டுகள் கடந்துவிட்டால், எந்தக் காரணம் காட்டியும் நிறுவனம் அதைக் கேள்விக்கு உட்படுத்த முடியாது. அந்த 3 ஆண்டுகளுக்குள் இறப்பு நேர்ந்தால், படிவத்தில் உண்மை மறைக்கப்பட்டது என்று கூறித் தொகையை மறுக்க வழியுண்டு. மறைத்தது மோசடி எண்ணத்தால் அன்று என்று கொண்டால், கட்டிய பிரிமியத்தை 90 நாட்களுக்குள் திருப்பித் தர வேண்டும். மோசடி என்று கொண்டாலோ அந்தப் பாதுகாப்பும் இல்லை. மேலும், பாலிசி எடுத்தவர் உயிரோடு இல்லாவிடில், மோசடி இல்லை என்று நிரூபிக்கும் சுமை தொகைக்கு உரியவர்மீது விழுகிறது.

அவர் யார்? பெரும்பாலும் மனைவி. முகவர் வந்த நாளில் அவள் அடுப்படியில் காபி போட்டுக்கொண்டிருந்தாள். என்ன கேட்டார்கள், என்ன எழுதினார்கள் என்று அவளுக்குத் தெரியாது. பதில் சொல்ல வேண்டியவர் கல்லறைத் தோட்டத்தில் இருக்கிறார். ‘இல்லை’ என்ற அந்த ஒற்றைச் சொல்லுக்கு அவள் விளக்கம் தர வேண்டும்.

இதைவிடக் கொடுமையான ஒன்றும் உண்டு. பொய் எப்படி வெளிப்படுகிறது என்று நினைக்கிறீர்கள்? நிறுவனத்தார் பெட்டிக்கடையில் வந்து விசாரிப்பார்கள் என்று பலர் எண்ணுகின்றனர். அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. நெஞ்சுவலி என்று திருச்சிக்கோ தஞ்சாவூருக்கோ கொண்டு ஓடுகிறோம். மருத்துவர் கேட்கிறார்: புகைப்பழக்கம் உண்டா? அங்கே எவரும் பொய் சொல்வதில்லை. கண்ணீரும் கம்பலையுமாக நிற்கும் மனைவி, “இருபது வருசமா சுருட்டுப் பிடிக்கிறாருங்க” என்கிறாள். மருத்துவர் குறிப்பேட்டில் எழுதிக்கொள்கிறார். கணவனைக் காப்பாற்ற அவள் சொன்ன அந்த மெய்தான், பின்னால் தொகையை மறுக்கும் கடிதத்தில் சான்றாக வந்து நிற்கும்.

“சுருட்டால் செத்தால்தானே சாமி? லாரி மோதிச் செத்தால்?” என்று நம் அன்பர் விடாமல் கேட்டார். அரியலூர்ச் சாலைகளில் சுண்ணாம்புக்கல் ஏற்றிச் செல்லும் லாரிகளை நாள்தோறும் காண்பவருக்கு அந்த வினா எழுவது இயற்கையே. நம் மண்ணுக்கு விபத்து புதிதன்று. ஆயுள் காப்பீட்டுக் கழகம் தொடங்கப்பட்டது 1956 செப்டம்பர் 1 அன்று. மூன்று மாதம் நிறையும் முன்னரே, நவம்பர் 23 விடியற்காலையில், அரியலூருக்கு அருகே மருதையாற்றில் தூத்துக்குடி விரைவு வண்டி கவிழ்ந்து நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். ரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி பொறுப்பேற்றுப் பதவி விலகினார். சாவு எந்த வழியாக வரும் என்று எவருக்கும் தெரியாது. ஆனால் சட்டம் முதன்மையாகக் கேட்பது எப்படி இறந்தார் என்பதையன்று. ஒப்பந்தம் செய்த நாளில் உண்மை சொன்னாரா என்பதையே. எனவே லாரி விபத்தானாலும் சுருட்டுக் கேள்வி எழக்கூடும்.

நிறுவனம் மறுத்தால் அதுவே முடிவு என்றும் எண்ணிவிடாதீர்கள். மறைத்த செய்தி உண்மையில் காப்பின் ஆபத்தோடு நேரடித் தொடர்புடையது என்றும், தெரிந்திருந்தால் பாலிசியே வழங்கியிருக்க மாட்டோம் என்றும் நிறுவனம் காட்ட வேண்டும் என்று அதே பிரிவு கூறுகிறது. புகைப்போருக்கும் கூடுதல் கட்டணத்தில் பாலிசி தருகிறார்கள் அல்லவா? வழக்கறிஞர் இதைப் பிடித்துக்கொண்டு வாதாடலாம். 2015-இல் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில், முதுகெலும்பு நோயைச் சொல்லாமல் விட்டவர் மாரடைப்பால் இறந்தபோது, மறைத்தது உயிருக்கு ஆபத்தான நோயன்று என்று கூறித் தொகையைக் கொடுக்கச் செய்தது. ஆனால் 2019 ஏப்ரலில், வேறொரு நிறுவனத்தில் இருந்த பாலிசியைச் சொல்லாமல் விட்ட ஒருவரின் மனைவிக்குத் தொகை மறுக்கப்பட்டது சரியே என்றும் அதே நீதிமன்றம் தீர்ப்பளித்தது. முகவர்தாம் நிரப்பினார், நான் கையெழுத்து மட்டுமே இட்டேன் என்ற வாதம் அங்கே எடுபடவில்லை. வெல்லலாம், தோற்கலாம். எப்படியும், பள்ளிக் கட்டணம் கட்ட வேண்டிய கையால் வழக்குக் கட்டைச் சுமந்துகொண்டு ஆணையம் ஆணையமாக ஏறி இறங்க வேண்டியவள் அவள்தான்.

முகவர்களைப் பற்றி ஒரு சொல். நம் ஊர்களில் மழை வெயில் பாராமல் வீடு வீடாக நடந்து, காப்பீடு என்றால் என்னவென்றே அறியாத குடும்பங்களுக்கு அதை எடுத்துரைத்தவர்கள் அவர்கள். ‘இல்லைன்னு போட்டுடறேன்’ என்று சொல்பவரும் தீய எண்ணத்தால் சொல்வதில்லை. வேலை விரைவில் முடிய வேண்டும், பரிசோதனை என்று இழுத்தால் நீங்கள் மனம் மாறிவிடுவீர்கள் என்ற அச்சம். ஆனால் தமிழில் கையெழுத்து இடுவோரும் கைநாட்டு வைப்போரும், ‘படிவத்தில் உள்ளவை எனக்கு விளக்கிச் சொல்லப்பட்டன’ என்ற உறுதிமொழிக்குக் கீழேயே இடுகிறார்கள். விளக்கச் சொல்லாமல் இட்டால் அந்த உறுதிமொழியே முதல் பொய்யாகிவிடுகிறது.

“சுருட்டுத்தான்; சிகரெட்டு இல்லையே” என்று மனத்துக்குள் சொல்லிக்கொண்டு ‘இல்லை’ என்று எழுதுவதைப் பற்றி இனிக் கொஞ்சம். இது புதிய தந்திரமன்று. வாயால் பாதி, மனத்துக்குள் பாதி என்று வாக்கியத்தைப் பிரித்துக்கொண்டால் பொய்யாகாது என்று சில அறநூலார் பதினேழாம் நூற்றாண்டில் வாதிட்டதுண்டு. பாப்பரசர் பதினோராம் இன்னொசென்ட் 1679-இல் அந்தக் கொள்கையைக் கண்டித்து ஒதுக்கினார். குருமடத்தில் இதைப் படித்தபோது, இப்படியும் மனிதர் யோசிப்பார்களா என்று நாங்கள் நகைத்தோம். அரியலூரில் யோசிக்கிறார்கள், பெரம்பலூரிலும் யோசிக்கிறார்கள்.

மூன்று ஆண்டு தாக்குப்பிடித்தால் சட்டமே மன்னித்துவிடுகிறதே, பின்னர் என்ன என்று கேட்கும் கெட்டிக்காரரும் இருக்கிறார். சட்டம் அந்த எல்லையை வைத்தது கைம்பெண்ணும் பிள்ளைகளும் காலமெல்லாம் அலையக்கூடாது என்பதற்காக. மறைத்தவருக்குப் பரிசாக அன்று. புகையாதவரின் கட்டணத்தில் புகைப்பவர் காப்புப் பெற்றால், அந்தக் குறையை நிரப்புவது நிறுவனத்தின் பெட்டியன்று. அதே திட்டத்தில் சேர்ந்த பக்கத்து வீட்டுக்காரரும் எதிர் வீட்டுக்காரருமே. சீட்டுப் பிடிப்பவர்களுக்கு இந்தக் கணக்கு எளிதில் விளங்கும்: ஒருவர் குறைத்துக் கட்டினால் மற்றவர் தலையில் ஏறும்.

நம் அன்பர் இறுதியில் புதிய படிவம் கேட்டு வாங்கினார். ‘சுருட்டு, நாளுக்கு இரண்டு’ என்று எழுதச் செய்தார். கட்டணம் கூடினால் கொடுப்பதாகவும், கூடியதைச் சுருட்டுக் காசிலேயே பிடித்துக்கொள்வதாகவும் சொன்னபோது அவருடைய மனைவி சிரித்துவிட்டார்.

கூடுதல் கட்டணம் தாங்காது என்பவர்களுக்கு வேறு வழியும் இல்லாமலில்லை. 2015 மே மாதம் தொடங்கப்பட்ட பிரதமர் ஜீவன் ஜோதி காப்பீட்டுத் திட்டத்தில் வங்கி அல்லது அஞ்சலகக் கணக்கு வழியாக, 18 முதல் 50 வயதுக்குள் இருப்போர் சேரலாம். ஆண்டுக்கு 436 ரூபாய். இறந்தால் குடும்பத்துக்கு 2 லட்சம். புகைப்போருக்கும் புகையாதோருக்கும் கட்டணம் ஒன்றே. சேர்ந்த முதல் 30 நாட்களில் விபத்தல்லாத இறப்புக்குத் தொகை கிடையாது. பெரிய தொகையன்று, ஆனால் பொய் இல்லாமல் கிடைக்கும் தொகை.

ஏற்கெனவே ‘இல்லை’ என்று எழுதிப் பாலிசி எடுத்துவிட்டவர்கள் என்ன செய்வது? பெட்டியைத் திறந்து பாலிசிப் பத்திரத்தை வெளியே எடுங்கள். அதனோடு முன்மொழிவுப் படிவத்தின் நகல் இருக்க வேண்டும். இல்லையெனில் கிளை அலுவலகத்தில் கேட்டுப் பெறுங்கள். பத்திரம் கைக்கு வந்து 30 நாட்கள் ஆகவில்லை என்றால், பிடிக்காத பாலிசியைத் திருப்பித் தந்துவிட்டு, உரிய கழிவு போக மீதிப் பணத்தைப் பெற்று, புதிதாக மெய்யான படிவம் கொடுக்க இடமுண்டு. அந்தக் காலம் கடந்திருந்தால், புகையிலைப் பழக்கத்தைக் குறிப்பிட்டு, படிவத்தைத் திருத்திக்கொள்ளுமாறு கிளை மேலாளருக்கு எழுத்தில் கடிதம் கொடுங்கள். பெற்றுக்கொண்டதற்கு முத்திரையிட்ட நகல் ஒன்றை வாங்கிப் பத்திரத்தோடு வையுங்கள். கட்டணத்தை உயர்த்தினால் உயர்த்தட்டும். பாலிசி எடுத்தபின் புதிதாகப் பழக்கம் தொடங்கியவருக்கு, எழுதிய நாளில் எழுதியது மெய்யாகவே இருந்தது. அவர் கலங்க வேண்டியதில்லை.

மழை பொய்த்த ஆண்டில் பிரிமியம் கட்ட இயலாமல் பாலிசி காலாவதியாகி, சோளம் விற்றபின் புதுப்பித்துக்கொள்வது நம் உழவர் குடும்பங்களில் வழக்கம். அவர்கள் ஒன்றை மறக்கலாகாது. புதுப்பித்த நாளிலிருந்து அந்த 3 ஆண்டுக் கணக்கு மீண்டும் தொடங்குகிறது. புதுப்பிக்கையில் உடல்நல உறுதிமொழி ஒன்றிலும் கையெழுத்து வாங்குவார்கள். அதையும் படிக்கச் சொல்லிக் கேட்டு, மனைவியை அருகில் உட்கார வைத்துக்கொண்டு, பின்னர்க் கையெழுத்து இடுங்கள்.